சான்றுப்பொருள்: தலை ஒன்று

அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது சலூன்காரர் ஒருவருக்கு வலது கன்னத்தை மட்டும் மழித்து முடித்திருந்தார். இடது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. உறையின்மேல் இருந்த முத்திரைகளின் எண்ணிக்கையைப் பார்த்த வாடிக்கையாளர், நுரை முகத்தோடேயே, "முதல்ல அதைப் பிரிச்சுப் பாருங்கண்ணே. நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார்.

பிரித்துப் பார்த்தார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வாடிக்கையாளரே வாங்கி உரக்கப் படித்தார்.

"தங்கள் கடையில், ஒன்பது வயது மதிக்கத்தக்க பெண் தலை ஒன்றின்மீது, புயல்குட்டி பொழுதுபோக்கு நிறுவனத்துக்கு உரிமையான பதிவுபெற்ற முடி வடிவமைப்பைத் தாங்கள் அனுமதியின்றி உற்பத்தி செய்து, மேற்படி தலையைப் பொதுவெளியில் புழக்கத்தில் விட்டிருப்பதாகத் தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கமளிக்கத் தவறினால் கடை மூடி முத்திரையிடப்படும்."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாருண்ணே அந்த ஒன்பது வயசுப் பொண்ணு?"

"என் பொண்ணுதான்."

"சொந்தப் பொண்ணு தலைக்கா நோட்டீசு?" என்றவர், கடிதத்தின் ஓரத்தில் நுரை பட்டுவிட்டதைக் கண்டதும் பதறிப்போய்த் தன் சட்டையாலேயே அதைத் துடைத்தார். அரசாங்கக் காகிதம் என்றால் மனிதர்களுக்கு அப்படி ஒரு பயம்.

சலூன்காரருக்கு 'உற்பத்தி' என்ற சொல்தான் உறுத்தியது. இருபத்திரண்டு வருடமாக அவர் செய்துவருவதெல்லாம் இருப்பதைக் குறைப்பது. குறைக்கிறவனை உற்பத்தியாளன் என்று கூப்பிட ஓர் அலுவலகத்தால்தான் முடியும்.

விஷயம் இதுதான். நாலு வயதில் அவர் மகள் சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து விழுந்தாள். உயிர் பிழைத்தாள், உச்சந்தலையில் தையல் விழுந்தது. தையல் பிரித்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு தங்கிவிட்டது. அதில் முடி முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் வாரமே பிள்ளைகள் அவளுக்கு 'வழுக்கை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தவள்தான், பதினோரு நாள் அதைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகும் வாசல் தாண்டினால் துண்டுதான். பெற்றவருக்கு எப்படி இருக்கும்? ஊரில் உள்ளவன் தலையெல்லாம் சீவிச் சிங்காரித்து அனுப்புகிற கை, சொந்த மகள் தலையில் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மத்தியானமும் கடையை மூடிவிட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். வெட்டிப் பார்த்தார், வளரவிட்டார், மறுபடி வெட்டினார். ஏழெட்டு மாதம் கழித்துக் கை பிடிபட்டது. இடப்பக்கம் நாலு விரல் நீளம், வலப்பக்கம் இரண்டு, பின்னால் மூன்று படி, உச்சியிலிருந்து ஒரே ஒரு கற்றை தழும்பின்மேல் சாய்ந்து விழும். ஓடினாலும் குதித்தாலும் நகராது. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓரம் நறுக்கி ஒக்கிட வேண்டும். விட்டால் கற்றை பாரம் தாங்காமல் இரண்டாகப் பிரிந்து தழும்பைக் காட்டிவிடும்.

"இந்தத் தழும்பு இனிமே நமக்குள்ள மட்டும்டா. அம்மா, நீ, நான். வேற யாருக்கும் அப்பா காட்டவே மாட்டேன்" என்று அன்றைக்கு அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். அவள் துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

இரண்டு வருடம் முன்பு ஓர் அம்மாள் கணவருக்குச் சவரம் முடியும்வரை கடையில் காத்திருந்தார். மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு இந்த வெட்டு!" என்று முன்னால், பின்னால், இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொண்டார். சலூன்காரருக்கு வாயெல்லாம் பல். ஆறு மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் 'புயல்குட்டி' என்ற குழந்தைகள் தொடர் வந்தது. உலகத்தைக் காப்பாற்றுகிற புயல்குட்டியின் தலையில் இடப்பக்கம் நாலு விரல், வலப்பக்கம் இரண்டு, பின்னால் மூன்று படி.

"அப்பா, டிவியில என் தலை!" என்று மகள் குதித்தாள். பிறகு புயல்குட்டி பொம்மை வந்தது, பை வந்தது, தண்ணீர் பாட்டில் வந்தது, 'அங்கீகரிக்கப்பட்ட புயல்குட்டி முடி நிலையம்' வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் இந்தக் கடிதம் வந்தது.

அலுவலகம் ஏழு மாடி. எழுத்தர் மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தார். தடுப்பில் பேசுவதற்கு இருந்த ஓட்டையில் 'இந்த ஓட்டை பதிவுபெற்ற வடிவமைப்பு' என்று ஒட்டியிருந்தது.

"சார், இந்த வெட்டை முதல்ல வெட்டினதே நான்தான்" என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.

"பதிவு பண்ணீங்களா?"

"என் பொண்ணு தலையைப் பதிவு பண்ணணும்னு எனக்குத் தோணலைங்க."

"அவங்களுக்குத் தோணுச்சு. சட்டம் தோணுறவங்க பக்கம்தான் நிக்கும்" என்று எழுத்தர் பொறுமையாக விளக்கினார். "சரி, முன்னாடியே வெட்டினதுக்கு ஆதாரம் இருக்கா? வெட்டின முடி எங்கே?"

"பெருக்கிக் கொட்டிட்டேனே."

எழுத்தர் பேனாவை எடுத்து, 'ஆதாரத்தை அழித்ததை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினார்.

சலூன்காரர் அவசரமாகப் போனை எடுத்து, மகளுடைய ஆறாவது பிறந்தநாளன்று கடையில் எடுத்த படத்தைக் காட்டினார். தேதி இருந்தது, தலை இருந்தது. எழுத்தர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, ஆனால் தலையைப் பார்த்து அல்ல.

"பின்னாடி உங்க கடை டிவியில ஒரு கிரிக்கெட் ஆட்டம் ஓடுதே, அது யாரோடது? அனுமதி வாங்கிட்டுத்தான் படத்துல சேத்தீங்களா? வேணும்னா இதையும் இந்தக் கேஸோட சேத்துக்கலாம். தனியா ஒரு தடவை அலைய வேண்டாம் பாருங்க."

சலூன்காரர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூட அடையாள அட்டைப் படம் ஒன்று பாக்கி இருந்தது. அதன் உரிமை ஸ்டுடியோக்காரருக்கு என்றார்கள். ஸ்டுடியோக்காரர், "அட போங்க, பழைய படம் அத்தனையும் போன வருஷமே ஒரு நிறுவனத்துக்கு மொத்தமா எழுதிக் கொடுத்துட்டேனே" என்றார். எந்த நிறுவனம் என்று சலூன்காரர் கேட்கவில்லை. கேட்பானேன்? திருடு போனதற்குச் சாட்சி சொல்ல, திருடியவர்களிடமே அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதிப் போட்டார். கிணற்றில் போட்ட கல் அது.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் அளவு நாடா, பூதக்கண்ணாடி, ஒரு கட்டு லேபிள். மகளை நாற்காலியில் உட்கார வைக்கச் சொல்லி, இடம் வலம் பின்பக்கம் எல்லாம் அளந்தார். உச்சியின்மேல் அவர் கை போனபோது சலூன்காரர் குறுக்கே பாய்ந்து, "அது கலைஞ்சிடும் சார்" என்றார். ஆய்வாளர் கையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். சலூன் என்றால் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. பிடரி எப்படி வந்திருக்கிறது என்று வாடிக்கையாளர் பார்க்க வேண்டாமா? இரண்டுக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குள் அவள், அவளுக்குப் பின்னால் அவள், அதற்கும் பின்னால் அவள்.

"அடேங்கப்பா" என்றார் ஆய்வாளர். "ஒரு பிரதின்னுல்ல புகார் வந்திருக்கு!"

ஸ்டூல் போட்டு ஏறி எண்ண ஆரம்பித்தார். பதினேழு வரைக்கும் தலைகள் தெளிவாக இருந்தன. அதற்குமேல் பூதக்கண்ணாடிக்கும் அகப்படவில்லை. 'பதினேழு பிரதிகளும், எண்ணிக்கைக்கு அடங்காத சிறு பிரதிகளும்' என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

"நான் தலையை ஆட்டினா எல்லாரும் ஆட்டுறாங்க சார்" என்று மகள் ஆட்டிக் காட்டினாள்.

"ஆட்டாதம்மா! அசைஞ்சா படக்காட்சி ஆயிடும். அது வேற பிரிவு. அஞ்சாவது மாடி."

பிறகு அவள் மணிக்கட்டில் ஒரு லேபிளைக் கட்டினார். 'சான்றுப்பொருள் எண் ஒன்று: தலை. விசாரணை முடியும்வரை இதே நிலையில் பாதுகாக்கப்பட வேண்டும். வெட்டவோ மாற்றவோ சேதப்படுத்தவோ கூடாது.'

"சார், வெட்டலைன்னா அது இதே நிலையில இருக்காதே, வளருமே" என்றார் சலூன்காரர்.

ஆய்வாளர் முதன்முறையாகச் சற்று யோசித்தார். "இத்தனை வருஷத்துல நான் பாட்டில், செருப்பு, பாட்டு, பொத்தான் எல்லாம் சான்றுப்பொருளா எடுத்திருக்கேன். எதுவும் வளந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முடிக்கு இந்த ஆணை எதுவும் போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது. நாலாவது வாரம் உச்சிக் கற்றை பிரிய ஆரம்பித்ததும் மகள் தொப்பி கேட்டாள். கடைத்தெரு முழுக்க அலைந்தும் அவள் அளவுக்குக் கிடைத்ததெல்லாம் புயல்குட்டி படம் போட்ட தொப்பிதான். தன் முடியை மறைக்கத் தன் முடியின் படம் போட்ட தொப்பியைப் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போனாள். அங்கே பாதிப் பெண்பிள்ளைகள் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

சலூன்காரர் மறுபடி மூன்றாம் மாடிக்கு ஓடினார். "சார், அரை விரல் மட்டும் ஒக்கிட்டுக்கறேன். அனுமதி கொடுங்க."

"ஒக்கிட்டா மறுபடி அதே வடிவம் வந்துடும். அது புது மீறல்" என்றார் எழுத்தர்.

"ஒக்கிடலைன்னா?"

"வடிவம் மாறிடும். அது சான்றை அழிச்ச குற்றம்."

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

எழுத்தர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையாகவே உதவி செய்ய விரும்பும் முகம் அது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "வளராம பாத்துக்குங்க" என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி பொங்கிவிட்டார். "உங்க கையால வெட்டினதை எவனோ தூக்கிட்டுப் போயிட்டு உங்களையே திருடன்கிறான். நீங்க என்னடான்னா அங்க போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க! நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டீங்களா?"

"யாரைக் கேட்கிறது? எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவருக்கே எரிச்சலாக இருந்தது. ஒரு கெட்டவன் அகப்பட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

விசாரணை நாள் வந்தது. தொப்பி போட்டு வந்தால் சான்றுப்பொருளை மறைத்ததாக ஆகும் என்று சொல்லியிருந்ததால், மனைவி உச்சிக் கற்றையைச் சேர்த்து இழுத்து இரண்டு சின்னக் கறுப்புக் கிளிப்பைக் குத்தி அனுப்பினார். வெளியே தெரியாது. ஆனாலும் மகள் படிக்கட்டு ஏறும்போதெல்லாம் கையைத் தலைக்குக் கொண்டுபோய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழாம் மாடி மண்டபத்தில் பெரிய விளக்குகள் எரிந்தன. நாலு கேமராக்கள் நின்றன. என்னவென்று கேட்டால், விசாரணையின் ஒளிபரப்பு உரிமையைப் புயல்குட்டி நிறுவனமே வாங்கியிருக்கிறதாம், தொடரின் அடுத்த பகுதியாக நேரலையில் போகிறதாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் பார்ப்பார்கள் என்று கேமராக்காரர் மகளிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் புயல்குட்டி பொம்மை இருந்தது. பெட்டிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். 'அசல்' என்று எழுதியிருந்தது. மகள் பக்கத்தில் நின்றாள், அவளுக்கு நாற்காலி இல்லை. 'நகல்' என்று எழுதி அவள் சட்டையில் ஒட்டினார்கள்.

விசாரணை அதிகாரி வந்தார். கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தார்.

"இந்த அலுவலகம் எதுக்கு இருக்கு?" என்று தொடங்கினார். "மக்களோட படைப்பாற்றலைப் பாதுகாக்க இருக்கு. அதை யார்கிட்டேருந்து பாதுகாக்கிறோம்? மக்கள்கிட்டேருந்துதான் பாதுகாக்கிறோம். அவங்க பாட்டுக்குப் பாடுறாங்க, வரையறாங்க, தைக்கிறாங்க, வெட்டுறாங்க. யாரும் ஒரு படிவம் பூர்த்தி பண்றதில்ல. இப்படி ஆளாளுக்குப் படைச்சுக்கிட்டே போனா, படைப்புக்கு என்ன மரியாதை இருக்கும்?"

நிறுவனத்தின் வக்கீல் கைதட்டினார். பிறகு எழுந்து, பொம்மையையும் மகளையும் மாறி மாறிக் காட்டி, "ஐயா, அசலைப் பாருங்க, எவ்வளவு நேர்த்தி! நகலைப் பாருங்க, வளந்து, கலைஞ்சு, ரெண்டு கிளிப் வேற. எங்க நிறுவனத்தோட நல்ல பேரே இதனால கெடுது" என்றார்.

அளவெடுக்கப்பட்டது. பதினேழு பிரதிகளும் எண்ணிக்கைக்கு அடங்காத சிறு பிரதிகளும் வாசிக்கப்பட்டன. சலூன்காரர், "நான்தாங்க முதல்ல வெட்டினேன், அந்தம்மா வந்து படம் எடுத்துட்டுப் போனாங்க" என்றதற்கு, அந்தப் பேச்சுக்கு ஆதாரப் படிவம் இணைக்கப்படவில்லை என்று பதில் வந்தது.

முடியப் போகும் நேரத்தில் விசாரணை அதிகாரிக்கு ஏதோ ஞாபகம் வந்தது. புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"உங்களுக்குச் சாதகமா ஒரு உட்பிரிவு இருக்கு. சட்டம் கண்மூடித்தனமானது இல்லைன்னு மக்களுக்குத் தெரியணும். ஒரு வடிவம் அழகுக்காக இல்லாம, ஏதோ ஒரு பயனுக்காகவே அப்படி அமைஞ்சிருந்தா, அதுமேல யாரும் உரிமை கொண்டாட முடியாது. பதிவே ரத்தாயிடும். சொல்லுங்க, இந்த வெட்டுக்கு ஏதாவது பயன் உண்டா? உண்டுன்னா இங்கேயே, எல்லாரும் பார்க்க, நிரூபிச்சுக் காட்டணும்."

வக்கீலின் முகம் வெளிறியது. சலூன்காரர் மகளின் தலையைப் பார்த்தார். இரண்டு கிளிப், அவ்வளவுதான். கழற்றிவிட்டுக் கற்றையை ஓரமாக ஒதுக்கினால் போதும். கடை பிழைக்கும். பொம்மை, பை, பாட்டில், நிலையம் அத்தனையும் கவிழும். ஏழு மாடிக்கும் சேர்த்து ஒரு பதில். இத்தனை நாள் விழுங்கிய ஆத்திரம் முழுவதும் விரல் நுனிக்கு வந்து நின்றது.

கையைத் தூக்கிவிட்டார். நாலு கேமராவும் அந்தக் கையோடு சேர்ந்து திரும்பின.

மகள் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, இரண்டு கையாலும் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டு நின்றாள். பார்வையாளர் வரிசையில் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

சலூன்காரர் தூக்கிய கையை இறக்கி, மகளின் கைகளுக்குமேல் வைத்தார்.

"பயன் எதுவும் இல்லைங்க" என்றார். "அழகுக்குத்தான் வெட்டினேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதோட முடிஞ்சிடும்."

"யோசிச்சிட்டேன். என் பொண்ணு அழகா இருக்கணும்னு வெட்டினேன். வேற ஒண்ணுமில்ல."

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். வக்கீலுக்கு உயிர் வந்தது. தீர்ப்பு ஐந்து நிமிடத்தில் வாசிக்கப்பட்டது: மேற்படி தலையிலிருந்து மேற்படி வடிவம் மூன்று நாளுக்குள் நீக்கப்பட வேண்டும், நீக்கிய முடியை உறையிலிட்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், இனி இந்த வடிவத்தை யார் தலையிலும் அவர் வெட்டக் கூடாது. கடைக்கு முத்திரை இல்லை. முதல் குற்றம் என்பதால் கருணை காட்டப்பட்டது. கருணைக்குத் தனியாக ஒரு படிவம் இருந்தது, அதில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தார்கள். சலூன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். துண்டுகளை எடுத்து முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் மூடினார். பிரதி எண்ணிக்கை ஏறிவிடக் கூடாதே. மணிக்கட்டு லேபிளைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மகளின் கழுத்தில் துணியைக் கட்டினார். மனைவி கிளிப் இரண்டையும் கழற்றி வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஒன்றே கால் மணி நேரம் ஆனது. இவ்வளவு நேரம் அவர் யாருக்கும் வெட்டியதில்லை. அவர் நினைத்தது ஒன்று, கை செய்தது வேறாக இருந்தது. நேராக வந்த ஓரத்தை வேண்டுமென்றே கோணலாக்கினால், அடுத்த வெட்டில் கை தன்னையறியாமல் அதைச் சரி செய்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கோணலாக்குவார். ஒரு காதுக்குமேல் குட்டை, இன்னொரு காதை மூடிப் பாதி, பிடரியில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். உச்சியில் மட்டும் கை நிதானமாக வேலை செய்தது. கற்றை இப்போது பின்னாலிருந்து முன்னால் வந்து தழும்பின்மேல் கெட்டியாகப் படிந்தது.

விழுந்த முடியைக் கூட்டி அள்ளி உறையில் போட்டு ஒட்டினார். பிறகு முன் கண்ணாடியின் துண்டை மட்டும் விலக்கினார்.

மகள் முதலில் உச்சியைத் தொட்டுப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். கற்றை நகரவில்லை. அதற்குப் பிறகுதான் முழுத் தலையையும் பார்த்தாள். முகம் கோணிக்கொண்டது.

"தழும்பு தெரியலப்பா. ஆனா ரொம்ப அசிங்கமா இருக்கு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் கத்தரியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்படித்தான்டா இருக்கணும்" என்றார். "இதை யாரும் கேட்டு வரமாட்டாங்க."